நாற்பத்திரண்டாம் பக்கத்துப் பயணி

தமயந்தி பாதியில் விட்ட தடித்த நாவலுக்குள், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், ஒரு பஸ் டிக்கெட் மூன்று வருடமாகக் குடியிருந்தது. இறங்கியதும் கசக்கி எறியாமல் தன்னை இங்கே வைத்தாளே என்று அவள்மேல் அதற்கு அத்தனை நன்றி.

ஒவ்வொரு ஜனவரியும் புது டைரி வந்து, "இந்த வருஷம் ஐம்பது புத்தகம் படிக்கப்போறா, எழுதியாச்சு!" என்று அலட்டிக்கொள்ளும். தமயந்தியும் புதிது புதிதாக வாங்கிவந்து நாவலின் தலைமேலேயே அடுக்குவாள். பிப்ரவரிக்குள் டைரி வாயை மூடிக்கொள்ளும்.

இந்த வருட டைரிக்கோ முகமே சரியில்லை.

"என்ன தம்பி?" என்றது டிக்கெட்.

"ஐம்பதும் இல்லை, அஞ்சும் இல்லை. 'அந்த நாவலை முடிக்கணும்'னு ஒரே வரி. இதை வெளியே சொல்ல முடியுமா?"

டிக்கெட் அந்த வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னது.

அன்று மாலையே மேலிருந்த புத்தகப் பாரம் இறங்கியது. ஏழு பக்கம் படித்துவிட்டு, தமயந்தி டிக்கெட்டை நாற்பத்தொன்பதில் வைத்து மூடினாள்.

"முடிச்சதும் உன்னை எறிஞ்சிடுவாளேடா," என்று நாவல் கவலைப்பட்டது.

"மூணு வருஷமா நின்ன பஸ் இப்பத்தான் கிளம்பியிருக்கு, அண்ணே. கொஞ்சம் வேடிக்கை பார்க்க விடுங்க."