இன்னும் ஒரு தளம் கீழே

"தவளை செத்துடும் தொமோயே. திரும்பி வெளிய கூட்டிட்டு வா," என்றாள் கிக்குனோ.

"உங்க தம்பி போகணும்ங்கறாரு அண்ணி. நான் என்ன பண்ண?" என்று தொமோயே பொத்தானை அழுத்தினாள்.

திரையில் தவளை, குடை, விளக்கு வடிவப் பூதங்கள் மூன்றும் படியிறங்கி அடுத்த தளத்து இருட்டுக்குள் போயின. கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர் குனியோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். ஊர்த் தெருக்களில் பனி அள்ளும் வண்டி ஓட்டிய கையும் காலும் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, நோய் இப்போது மூச்சுக்கு வந்திருந்தது.

படுத்த படுக்கையானவருக்கு இந்த வீடியோ கேம்தான் தோதாக இருந்தது. பாதாளக் குகைக்குள் இறங்க வேண்டும். எதிர்ப்படும் பூதத்தை அடித்துச் சாய்த்து, சோற்று உருண்டை கொடுத்து நம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். நாம் யோசித்தால், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பான். நோய்க்கு அந்த நாகரிகம் தெரியவில்லை.

பொத்தான் அவளுடையது, யோசனை அவருடையது. பேச்சு போன பிறகு, உதட்டைக் குவித்தோ விரித்தோ அவர் உயிரெழுத்தைக் காட்டுவார். அவள் அ, க, ச, த என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். சரியான இடத்தில் அவர் கண்ணை மூடித் திறப்பார். இப்படி எழுத்துக்கூட்டித்தான் 'அடி' என்பார், 'சோறு போடு' என்பார். படி வந்தால் 'போகணும்' என்பார். அவர்கள் மொழியில் அதற்கு நான்கு எழுத்து: இ, கி, த, இ.

குனியோ அவசரக்காரர் அல்ல. குகைக்குள் செத்த பூதம் செத்ததுதான், திரும்பி வராது. அதனால் ஒன்றின் மேல் கீறல் பட்டாலே எல்லாவற்றையும் வெளியே அழைத்துவந்துவிடுவார். அந்தத் தவளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். இன்று என்னவோ, படி கண்ணில் படும் முன்பே 'போகணும், போகணும்' என்று ஒரே பாட்டு.

போன வாரம் மருத்துவர் வந்து விளக்கியிருந்தார். கழுத்தில் துளையிட்டு மூச்சுக் கருவி பொருத்தலாம். ஆனால் பொருத்திவிட்டால் பிறகு யாரும் கழற்ற மாட்டார்கள், அதனால் முடிவு நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்றார். அவர் போனதும் தொமோயேவுக்குச் சாவு என்ற சொல் நாக்கில் வரவில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். குனியோ மூச்சு வாங்க நான்கு எழுத்துக் கூட்டினார். போகணும்.

அவள் தலையில் இடி விழுந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் உதடு மறுபடி அசைந்தபோது, புரிந்துவிட்டது, சிரமப்பட வேண்டாம் என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டாள். கருவி வேண்டாமாம் என்று மருத்துவருக்கும் அவளே போன் செய்தாள். இன்று காலை வந்து பார்த்தவர், இனி மனம் மாறினாலும் உடம்பு கத்தியைத் தாங்காது, ஓரிரு நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டுத்தான் நாத்தனார் கிக்குனோ அடுத்த ரயிலைப் பிடித்து வந்தாள்.

தொமோயேவுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. தன்னோடு இருக்க இந்த மனிதனுக்கு ஆசையே இல்லையா?

"இருக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணி. நான் பாத்துக்க மாட்டேனா?"

"உனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பான்," என்றாள் கிக்குனோ. "சின்ன வயசுலேயே அப்படித்தான். தட்டுல கடைசி மீன் துண்ட என் பக்கம் தள்ளிட்டு, பசிக்கலைம்பான்."

அந்தத் தளத்தில் தவளை செத்தது. குனியோவின் கண்ணோரம் நீர் வழிந்தது. தொமோயே துணியால் ஒற்றி, தவளைதானே, போகட்டும் என்று தேற்றினாள். உதடு மறுபடி விரிந்தது. அதே சொல். அவள் அடுத்த படியைத் தேடிப் பிடித்தாள். கண் மூடுவதற்குள் குகையின் அடிவரை பார்த்துவிடத் துடிக்கிறார், கடைசி ஆசை, அதையாவது செய்து கொடுப்போம் என்று நினைத்தாள். வழியில் ஒற்றைக்கால் குடைப் பேயும் போயிற்று. விளக்குப் பூதம் மட்டும் தள்ளாடிக்கொண்டு கடைசித் தளத்தில் இறங்கியது.

திரையில் எழுத்து ஓடியது: 'இதுவே அடித்தளம். இதற்குக் கீழே வழி இல்லை.'

"வந்து சேந்துட்டோம்ங்க," என்றாள் தொமோயே. "இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல. நிம்மதியா இருங்க."

குனியோ திரையைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மெல்ல விரிந்தது. அவள் வரிசையைச் சொன்னாள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அவருக்கு மூச்சு இழுத்தது. இ. கி. த. இ.

"இன்னும் எங்க போகணும்ங்கறான்? அதான் படியே தீந்துபோச்சே," என்றாள் கிக்குனோ.

தொமோயே அந்தச் சொல்லை, முதல்முறை கேட்பதுபோல, தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர்கள் மொழியில் போகணும் என்பதற்கும் அதே நான்கு எழுத்துதான், வாழணும் என்பதற்கும் அதே நான்கு எழுத்துதான்.