கம்பியில் தொங்கிய கை

டவுன் பஸ் நெரிசலில் தன் இடுப்பைத் தடவிய கையை ஜெசிந்தா பிடித்து ஓர் இழு இழுத்தாள். பல்லிவாலைப் போல அது கழன்று அவளிடமே வந்துவிட்டது. ஆள் இறங்கி ஓடிவிட்டான். ஒரு சொட்டு ரத்தமில்லை. விரலில் ராசிக்கல் மோதிரம் மட்டும் மின்னியது. காவல் நிலையத்தில் ஏட்டு அதைப் புரட்டிப் பார்த்தார். "கூட்டம்னு தெரியுதுல்ல, அடுத்த பஸ்ல வந்தா என்னம்மா? கை மட்டும் இருந்தா யார் மேல கேஸ் போடுறது? எடுத்துட்டுப் போ." எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை அதே பஸ்ஸின் மேல்கம்பியில் துப்பட்டாவால் கட்டித் தொங்கவிட்டாள். பெண்கள் முகம் சுளித்து விலகினார்கள். அப்போது பின்னாலிருந்து கண்டக்டர் கொடுத்தனுப்பிய டிக்கெட்டை அந்தக் கை பவ்யமாக வாங்கி முன்னால் நீட்டியது. பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. "பரவால்லையே, வேலை பாக்குதே!" என்றாள் பூக்காரி. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஏவத் தொடங்கினார்கள். டிபன் கேரியரைப் பிடித்தது. அழுத குழந்தைக்கு விசிறிவிட்டது. சந்தை நிறுத்தத்தில் ஒருவன் ஏறினான். அவனுடைய வலப்பக்கச் சட்டைக்கை காலியாக ஆடியது. கம்பியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுதாண்ணே? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லிட்டு வாங்கிக்கோங்க." பஸ்ஸே அவன் பக்கம் திரும்பியது. "என்னுது இல்லம்மா" என்று முணுமுணுத்துவிட்டு அவன் இறங்கினான். பஸ் கிளம்பியது. ஜன்னல் பக்கம் திரும்பி, அவனுக்கு டாட்டா காட்டியது அந்தக் கை.