கண்ணில் நீந்திய மீன்

மணிவாசகம் கண்ணுக்குள் பொருத்தியிருந்த திரையில் ஒரு தொல்லை. கவனம் சிதறினால் ஸ்கிரீன்சேவர் ஓடும். கருவிழியில் ஆரஞ்சு மீன்கள் நீந்துவது எதிரில் இருப்பவருக்கும் தெரியும். மனைவி பூங்கோதை பேச்சை நிறுத்திவிட்டு முறைப்பாள்.

மீன்களை நிறுத்தச் சொல்லி, திரை வாங்கிய கடைக்குப் போனார் மணிவாசகம். கடைக்காரர் சிரித்தார். "இப்ப வர்ற திரைக்கெல்லாம் இது தேவையே இல்ல சார். எடுத்துடறேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் அமைதி. பூங்கோதை பேசப் பேச, அவர் கிரிக்கெட்டை நினைத்தபடி தெளிந்த கண்களோடு தலையாட்டினார்.

ஞாயிறு காலை திருத்தணியில், அவரை முடி இறக்குபவர் முன்னால் உட்கார வைத்தாள்.

"மொட்டைக்கு நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"செவ்வாக்கிழமை. மூணு தடவை தலையாட்டினீங்களே."

தலையில் தண்ணீர் விழுந்தது. மணிவாசகம் மெல்லக் கேட்டார்: "வேற எதுக்கெல்லாம் ஆட்டினேன்?"

"முதல்ல இது முடியட்டுங்க."