மணியக்காரர் கொடுத்த தண்ணீர்

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம். ஊராட்சித் தலைவி அஞ்சுகம். டீக்கடை அய்யாக்கண்ணு. காரின் பின்சீட்டில் அக்கா கனகவல்லி. நினைவுக் கல்லுக்கு முன்னால் தம்பியான அவர்.

வந்திருந்தவர்கள் இவ்வளவுதான்.

கல்லின் மேல் வெள்ளைத் துணி. துணியின் கயிறு அவர் கையில்.

நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் துணி உப்பி அடங்கியது.

கல்லுக்குப் பின்னால் பழைய ஓடுதளம். யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பையன்கள் குண்டுபோடும் விமானத்தை ஓட்டிப் பழகிய இடம். இப்போது அதில் கம்பு காய்ந்துகொண்டிருந்தது.

பழகும்போதே ஒரு விமானம் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் போனார்கள். ஒருவன் மட்டும் சற்றுப் பொறுத்து.

அந்த ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்தவர் பெயரையும் கல்லில் வெட்ட வேண்டும் என்று தேவசகாயம் அவர் வீடு தேடி வந்து, அது யார் என்று கேட்டார்.

அவர் தயங்கவில்லை. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து சொன்னார்.

"எங்கப்பாதான். கிராம மணியக்காரர் வேதகிரி."

வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். சொல்ல வேண்டியிருந்தது.

போகிற உயிருக்கு வாயில் தண்ணீர் விடுவது உறவுக்காரர்களின் உரிமை. பரிசம் போட்டிருந்த அக்கா அதை எவனோ ஒருவனுக்குச் செய்தாள் என்று காதில் விழுந்ததும், மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள்.

"அவன் அவளுக்கு என்ன முறை?"

பதிலை ஊரே கண்டுபிடித்துக் கொடுத்தது. ஏற்கெனவே பழக்கமாம். கிணற்றடிப் பக்கம் சைக்கிளில் வருவானாம். மணியைக் கூட அடிக்க மாட்டானாம்.

அவர் அப்போது கடலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வந்தபோதெல்லாம் அக்கா வாசலுக்கு வருவதில்லை.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மானமுள்ள குடும்பத்தில் அதையெல்லாம் கேட்பதில்லை.

ஊர் சொன்னதை உள்ளுக்குள் அவரும் நம்பினார்.

அப்பாவுக்குப் பின் வீட்டுச் சாவி அவரிடம் வந்தது. கேட்காமல் இருப்பதும் அதோடு வந்தது. அக்காவின் தலை பின்கட்டிலேயே நரைத்தது.

கயிற்றை இழுத்தார்.

அப்பாவின் பெயர் வெயிலில் பளிச்சென்று நின்றது.

அஞ்சுகம் கைதட்டினாள். அய்யாக்கண்ணு தட்டவில்லை.

"பெரிய மனசுங்க மணியக்காரருக்கு," என்றார், காரைப் பார்த்துக்கொண்டே. "பொண்ணுக்காகக் கொடத்தையே தூக்கித் தன் தோள்ல வெச்சிக்கிட்டாரு."

கயிற்றோடு நின்ற அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"டேய் தம்பி. அப்பா அன்னிக்கு ஊர்லயே இல்லியேடா. கிஸ்தி கட்ட தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தாரு."

குரலில் கோபம் இல்லை. சமையலில் உப்பு குறைவதைச் சொல்வது போலச் சொன்னாள்.

தேவசகாயம் தொப்பியைக் கழற்றினார். காரருகே போனார். பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். விமானத்தின் இறக்கைக்குக் கீழே ஐந்து பையன்கள். ஐவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நீங்கதானாம்மா? கடைசியா இருந்தது இதுல யாருன்னு இன்னிக்கு வரைக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. யாருன்னு பாத்துச் சொல்லுங்க."

அய்யாக்கண்ணு நகர்ந்து பக்கத்தில் வந்தார். அஞ்சுகமும் வந்தாள்.

வேண்டாம் அக்கா, என்று மனதுக்குள் சொன்னபடி அவரும் ஓரடி வைத்தார்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். படத்தை வாங்கினாள். அவள் விரல் ஒவ்வொரு முகத்தின் மேலும் மெல்லப் போயிற்று.

எந்த முகத்தில் நிற்கும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிலும் நிற்கவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியலீங்க. முன்னபின்ன பாத்ததில்ல. அன்னிக்கும் அவனுக்கு மூஞ்சி இல்ல, எரிஞ்சுபோச்சு. வாய் இருந்த எடத்துல ஊத்தினேன்."