நிஜ வேகம்

ஸ்கேன் படங்களிலிருந்து நான் கட்டிய அவளுடைய இதயம் ஆள் உயரத்துக்கு நின்று துடிக்கிறது. வி.ஆர். கண்ணாடி மாட்டியிருக்கும் அவளுக்கு அது எதிரிலேயே நிற்கிறது. சுவர்த்திரையில் பார்க்கும் அவள் அண்ணனுக்கும் எனக்கும் அது சிவந்த படம்தான். அறுவை சிகிச்சை ஆபத்து, வேண்டாம் என்று அண்ணன் முடிவெடுத்துவிட்டார்; பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று அவள் வந்திருக்கிறாள். ஏசி முனகுகிறது. கண்ணாடியின் வயர் அவள் தோளில் ஆடுகிறது. "என்னோடது இவ்வளவு சாதுவா அடிக்காது," என்கிறாள். "பயந்துடக் கூடாதுன்னு நோயாளிகளுக்கு மெதுவாக்கித்தான் காட்டுவோம்," என்கிறேன். "பயப்படுறதை நான் பாத்துக்கறேன். அதோட வேகத்துல விடுங்க." என் விரல் தயங்குகிறது, இத்தனை நாள் யாருடைய பயத்துக்காக மெதுவாக்கினேன்? வேகத்தைக் கூட்டுகிறேன். இதயம் இடறுகிறது. ஒரு பக்கச் சுவர் பின்தங்க, மற்றது அதையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. "போதும், கழட்டும்மா," என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "உனக்குப் பயமா இருந்தா கண்ணை மூடிக்கோண்ணே." கைகளை நீட்டியபடி அவள் ஓர் அடி வைக்கிறாள், இன்னோர் அடி, திரை முழுக்கச் சிவப்பு நிறைகிறது. இதயத்துக்குள் நின்றபடியே சொல்கிறாள்: "இந்தப் பாடு பட்டு ஓடுதே, இதைப் போயா கைவிடச் சொன்னே? டாக்டரைக் கூப்பிடுங்க. நாள் குறிக்கட்டும்."