ஏழின் இடுப்பில் கோடு

"முப்பத்தோரு பேரும் ஏழுக்கு நடுவுல ஒரே மாதிரி கோடு போட்டிருக்காங்க. காப்பியடிக்காம எப்படிம்மா?" கல்வி அதிகாரி கணக்கு விடைத்தாள்களை மேசையில் அடித்தார். "பாதிப் பேர் கட்டட வேலைக்கு வந்த, நம்ம பாஷையே தெரியாத கூலிக்காரங்க பிள்ளைங்க. இவங்களுக்குத் தொண்ணூறு மார்க்கா?"

"அவங்க டீச்சர் ஏழு அப்படித்தான் போடுவாங்க சார்," என்றார் தலைமையாசிரியை.

"கூப்பிடுங்க அந்த மகராசியை!"

உள்ளே வந்தது ரெட்டைச் சடை போட்ட, அதே வகுப்புச் சிறுமி. கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"கணக்கு டீச்சர் போஸ்ட் ரெண்டு வருஷமா காலி சார். இவளுக்கும் நம்ம பாஷை வராது. போர்டுல போட்டே புரிய வச்சிடுவா."

எல்லோரையும் நிற்க வைத்தே பேசும் அதிகாரி, தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

கட்டட வேலை முடிந்ததும் அவள் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. எங்கள் தெருப் பிள்ளைகளின் நோட்டில் இன்னமும் ஏழுக்கு இடுப்பில் கோடு. அதிகாரி கையெழுத்துக்குக் கீழே போடும் தேதியிலும் அப்படித்தானாம்.