கிளைசின் நீட்டிய கை

கல்லீரலின் கதகதப்பான இருட்டுக்குள் ஒரு கொழுப்பு அமிலம் மிதந்துகொண்டிருந்தது. தான் அங்கேயே தேங்கிக் கிடந்தால் கல்லீரலுக்கு ஆகாது என்று அதற்கும் தெரியும். ஆனால் வெளியே கிளம்பும்போதெல்லாம், "எண்ணெய்ப் பிசுக்கோட என்கிட்ட வராதே" என்று தண்ணீர் தள்ளிவிடும்.

அங்கே வேலை பார்த்த நொதிக்கு மனசு கேட்கவில்லை. தோலோடு சேரப் போய்க்கொண்டிருந்த, புரதத்தின் கட்டுமானத் துணுக்கான குட்டிக் கிளைசினைக் கூப்பிட்டது. "இதைக் கூட்டிட்டுப் போறியா? உன்னோட வந்தா தண்ணீர் வழிவிடும். ஆனா சிறுநீரோட உடம்பை விட்டே போயிடுவீங்க, நீ திரும்பி வர முடியாது."

கிளைசின் தோல் இருக்கும் திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது. நொதி இரண்டையும் பிணைத்துவிட்டது. தண்ணீர் சத்தமில்லாமல் விலகியது.

மிதந்து போகும்போது அமிலம் தயங்கித் தயங்கிக் கேட்டது. "என்னால நீ தோலாக முடியாமப் போச்சே, வருத்தமா?"

"வெளியே வெயில் எப்படி இருக்கும்னு யோசிச்சிட்டிருக்கேன், பேசாம வா" என்றது கிளைசின்.